முப்பத்தாறு மாசத்துச் சிப்பி

இல்ல மக்கா, கள்ளக் கணக்குண்ணு அவிய சொல்லல்ல. அந்த வாக்கு ஜெயச்சந்திரன் சாருக்க வாயில இருந்து வரவே இல்ல. நம்பத் தகுந்ததில்லண்ணாக்கும் சொன்னாவ. நீ அவிய எழுதின ரிப்போர்ட்டு வாசிச்சிருக்கேல்லா, அதுல அப்பிடித்தானே கெடக்கு? பயிற்சி இல்லாத ஆளுவ எடுத்த கணக்கு, அதுகொண்டு மொத மூணு வருஷத்தத் தள்ளியாச்சுண்ணு. பயிற்சி இல்லாத ஆளு நானாக்கும். எனக்குப் பயிற்சி தந்தது ஆருண்ணு அதுல எழுதியிருக்கா? எழுதியிருக்க மாட்டாவ.

அந்த ஸ்டூலு ஆடும், நீ இஞ்ச ஃபேனுக்குக் கீழ வந்து இரி. இப்பம் ஆளு வராது. காலம்பற வெறும் வயித்துல சுகர் பாக்க வாறவியதான் கூட்டம். இனி மூணு மணிக்கு மேல ரிசல்ட்டு வாங்க வருவாவ. அதுவர நீயும் நானும் அந்த ஃபிரிட்ஜும்தான். நாகர்கோயிலுண்ணா சொன்ன? அதான் பேச்சு எனக்கு நல்லா மனசிலாவுது. திருவனந்தபுரத்துல இருந்து வாறவியகிட்ட மலையாளம் பேசிப் பேசி நாக்கு வேற மாதிரி ஆயிப்போச்சு.

நோட்டு இருக்கு. முப்பத்தாறு மாசமும் இருக்கு. தாறேன். மொதல்ல கேளு.

இந்த லேப்பு தொறந்து பதினாலு வருஷம் ஆச்சு. காரக்கோணத்துல படிச்சேன், அங்கயே கொஞ்ச நாளு வேல செய்தேன், பின்ன பாறசாலயில இந்தக் கட எடுத்தேன். ரெண்டாயிரத்துப் பதினாறு கடைசில, சர்ச்சுல கிறிஸ்மஸ் கேரல் பழகுற சமயம், ஒரு நாளு ஜெயச்சந்திரன் சாரு உள்ள வந்தாவ, கடல் ஆராய்ச்சி செய்யுற பேராசிரியரு. நல்ல உயரம், கண்ணாடி, தோளுல பை. நான் சீட்டு எழுதுற புக்க எடுத்துட்டு, கடைசியா எப்பம் சாப்பிட்டீங்கண்ணு கேட்டேன். அவிய சிரிச்சாவ. எனக்கு டெஸ்டு வேண்டாம், ஒங்ககிட்ட ஃபிரிட்ஜும் மைக்ரோஸ்கோப்பும் உண்டாண்ணு கேட்டாவ.

விஷயம் இதாக்கும். பொழியூர்ல இருந்து தமிழ்நாட்டு எல்ல வர கடலுக்குள்ள பாற கெடக்குல்லா, அதுல சிப்பி ஒட்டிப் பிடிச்சிருக்கும். கடல் நல்லாயிருக்கா, சீக்காயிருக்காண்ணு அந்தச் சிப்பியப் பாத்தாத் தெரிஞ்சிரும். ஆனா ஆராய்ச்சிக்காரங்க வருஷத்துக்கு ஒரு நாளு போட்டுல வந்துட்டுப் போவாவ. ஒரு நாளு பாத்தா என்ன தெரியும்? ஊர்ல உள்ள ஆளுவளே மாசாமாசம் பாத்து எழுதணும். ரத்தத்த எண்ணுற உங்களுக்குச் சிப்பிய எண்ண ஒக்காதா, முடியாதாண்ணு கேட்டாவ. எனக்கு அது பிடிச்சுப் போச்சு மக்கா. அதுவர எங்கிட்ட ஆரும் அப்பிடி ஒரு வேலைக்கு வந்து விளிச்சதில்ல. சுகர், கொலஸ்ட்ரால், யூரின். வேற என்ன கேப்பாவ?

அப்பிடி நாங்க மூணு பேரு ஆனோம். மொத ஆளு கனகதாஸ் அண்ணன், பொழியூர்க்காரரு. சின்னதுல இருந்தே முங்கிச் சிப்பி எடுக்குற ஆளு. எடது காது கேக்காது, முங்கி முங்கி போனது. கால் மீட்டர் நீளம் கால் மீட்டர் அகலத்துல இரும்புல ஒரு சட்டம் சாரு செய்து குடுத்தாவ. அத எடுத்துட்டு அவரு முங்குவாரு. சட்டத்தப் பாறைல வச்சு, அதுக்குள்ள உள்ள சிப்பி மொத்தமும் சொரண்டி வலப்பையில போடுவாரு. அஞ்சு எடம், அஞ்சு பை. அதோட ஒரு குப்பில வெள்ளம், கடல்தண்ணி.

ரெண்டாவது ஆளு சஜி. இஞ்ச ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டுல ஆட்டோ ஓட்டினவன். அவன் எப்பிடி வந்தாண்ணா, மொத மாசம் கனகதாஸ் அண்ணன் அஞ்சு பையும் தூக்கீட்டு பஸ்ஸுல ஏறினாரு. வெள்ளம் சொட்டுது, நாத்தம். கண்டக்டர் பாதி வழில எறக்கி விட்டாச்சு. ரோட்டோரத்துல நின்ன மனுஷன சஜி ஏத்திக் கொண்டு வந்து எனக்க வாசல்ல விட்டான். இது எதுக்குண்ணு கேட்டான். சாரு சொன்னாவ. அப்பம் அடுத்த மாசமும் நான் கொண்டு வாறேன்ணு சொல்லீட்டுப் போனான். ஆறு வருஷம் கொண்டு வந்தான்.

மூணாவது நான். எண்ணுறதும் அளக்குறதும் எழுதுறதும் எனக்க வேல. பயிற்சி இல்லாத ஆளுண்ணு எழுதினாவல்லா, அந்த சாரு இந்தத் தரையிலதான் மக்கா இருந்தாவ. நீ கால் வச்சிருக்க எடம். பேப்பர் விரிச்சு, சிப்பியக் கொட்டி, அளக்குற வெர்னியர எப்பிடிப் பிடிக்கணும், வாய் தொறந்தது எது, செத்தது எது, குஞ்சு எத்தன மில்லிமீட்டர் வரண்ணு ரெண்டு நாளு சொல்லித் தந்தாவ. உப்புப் பாக்குறதுக்கு ஒரு கொழலு, ஒரு சொட்டு வெள்ளம் விட்டு வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா கோடு தெரியும். அதும் அவிய தந்தது. ரெண்டாவது நாளு உச்சைக்கு, எண்ணி முடிச்ச சிப்பிய நான் தேங்கா போட்டு வறுத்து, கப்பக்கெழங்கு அவிச்சு வச்சேன். அவிய சப்பணம் போட்டிருந்து தின்னாவ. லிஜா, நீங்க எனக்க எம்.எஸ்.சி. பிள்ளைளவிட நல்லா அளக்குறீங்கண்ணு சொன்னாவ. நான் அத எத்தன பேருட்ட சொன்னேன் தெரியுமா? சர்ச்சுல பெண்கள் கூட்டத்துல வர சொன்னேன். நாணமே இல்லாம.

மாசாமாசம் எழுதுவேன், பக்கத்த ஃபோட்டோ எடுத்து வாட்ஸாப்புல அனுப்புவேன். சாரு உடனே கை கூப்பி ஒரு படம் போடுவாவ. ஒரு சட்டத்துக்குள்ள நூத்தெழுவது, நூத்தெண்பது. அந்தக் கணக்கு இந்த நோட்டுல கெடக்கு, நீயே பாரு. ஓகிப் புயல் அடிச்ச மாசம்கூட விடல்ல. கனகதாஸ் அண்ணனுக்க அளியன், மச்சான்காரரு, அந்தக் காத்துல போனவரு திரும்பி வரல்ல. ஊரே கடல்ல எறங்காம இருக்கு. மூணு வாரம் கழிஞ்சு டிசம்பர் கடைசில அவரு தனியா முங்கி அஞ்சு பையும் எடுத்து சஜிகிட்ட குடுத்தாரு. சஜி பைய வச்சுட்டு இந்த வாசல்ல நின்னு கொஞ்ச நேரம் அழுதான். எதுக்கு அந்த மாசம் எடுத்தீங்கண்ணு நான் பின்ன அண்ணன்கிட்ட கேட்டேன். நம்மள ஆரும் எண்ணல்ல, நாம சிப்பியாவது எண்ணுவோம்ணு சொன்னாரு. அந்த ஆளு எடுத்த கணக்காக்கும், நம்பத் தகுந்ததில்ல.

இரு, ஃபோன். ... சொல்லுங்க. இல்ல, தைராய்டு ரிசல்ட்டு நாளைக்குத்தான். ஆமா, நாளைக்கு. சரி.

எங்க விட்டேன்? ஆமா. பின்ன உள்ளதையும் உள்ளபடி சொல்லணும்லா. ரெண்டாயிரத்துப் பத்தொம்பது பிப்ரவரில எனக்க வீட்டுக்காரருக்கு உதியங்குளங்கரைல வச்சு பைக்குல லாரி தட்டிப் போச்சு. இடுப்பும் தொடையும் ஒடிஞ்சு. காரக்கோணம் ஆஸ்பத்திரில தொண்ணூறு நாளு கெடந்தாரு. நான் லேப்ப அடச்சுட்டு அங்க தரையில பாய் விரிச்சுக் கெடந்தேன். அந்த மூணு மாசமும் கனகதாஸ் அண்ணன் முங்கினாரு, சஜி கொண்டு வந்தான். அவனுக்கு நான் லேப்புச் சாவி குடுத்திருந்தேன், ஃபிரிட்ஜுல வையிண்ணு சொன்னேன். கரண்டு கட்டாயி, ஃபிரிட்ஜு நிண்ணு, பை அழுகிப் போச்சு. தொறந்தா நிக்க ஒக்காது. சஜிதான் மூக்கப் பொத்தீட்டு மொத்தமும் கொண்டு கொழி வெட்டி மூடினான். நோட்டுல மூணு பக்கம் வெறுதே கெடந்துது. சாரு ஃபோட்டோ கேட்டு மெசேஜு அனுப்பீட்டே இருந்தாவ. நான் ஆஸ்பத்திரி வராந்தால இருந்து, ஜனவரிக் கணக்கப் பாத்து, அங்க ரெண்டு கூட்டி இங்க மூணு கொறச்சு எழுதி அனுப்பினேன். பிப்ரவரி, மார்ச்சு, ஏப்ரல். மூணு மாசம். மே மாசம் மொதல் திரும்பவும் ஒழுங்கா எண்ணினேன்.

ஆமா மக்கா, அது தப்பாக்கும். நான் இல்லண்ணு சொல்லல்ல. மூணு பக்கத்துலயும் பின்ன செவப்புப் பேனாவால கோடு போட்டிருக்கேன், பாத்தியா? அந்த விஷயம் அன்னைக்கு எனக்கும் சஜிக்கும் மட்டும் தெரியும். கனகதாஸ் அண்ணனுக்குத் தெரியாது. அவரு முங்கின மெனக்கேடு வீணாப் போச்சுண்ணு சொல்ல எனக்கு வாய் வரல்ல. சஜிகிட்ட, ஒருத்தருட்டயும் பறயண்டடாண்ணு சொன்னேன். லிஜாக்கா, ஆஸ்பத்திரில கெடக்குற அண்ணன் மொதல்ல எழும்பி நடக்கட்டும், சிப்பிக்கென்னண்ணு சொன்னான்.

பின்ன இருவதுல கொரோணா வந்துது. கடலுக்குப் போவ விடல்ல, ஆட்டோ ஓட விடல்ல. அந்த வருஷம் நாலே நாலு மாசம் கணக்கு உண்டு. இருவத்தொண்ணு ஜனவரில மீன்மாவு கம்பெனிக்காரங்க கடலுக்குள்ள பைப்பு போட்டாவ. மீன அவிச்ச கழிவு வெள்ளம் அந்தப் பைப்பு வழி நேரா பாறைக்குப் பக்கத்துல போய் விழும். மொத மாசமே கனகதாஸ் அண்ணன் சொன்னாரு, வெள்ளம் எண்ணெ மாதிரி வழுக்குது, கண்ணு எரியுதுண்ணு. நூத்தெழுவது இருந்த எடத்துல தொண்ணூறு. பின்ன நாப்பது. அந்த வருஷம் டிசம்பர்ல ஒரு சட்டத்துக்குள்ள பதினொண்ணு. அதுலயும் ஏழு வாய் பொளந்து கெடந்துது. நான் அந்தப் பதினொண்ண மூணு தடவ எண்ணினேன்.

சிப்பி போச்சுண்ணா பொழியூர்ல எத்தன வீட்டுல அடுப்பு எரியாதுண்ணு ஒனக்குத் தெரியும்லா. பரிச்ச எழுதித் தோக்குற மாதிரி இல்ல இது. ஆனா எங்களுக்கு அப்பம் பயமே இல்ல மக்கா. அதாக்கும் வேடிக்க. கையில கணக்கு உண்டுல்லா. பைப்புக்கு முன்ன இவ்வளவு, பைப்புக்குப் பொறவு இவ்வளவு. ஆரு வந்து கேட்டாலும் நோட்ட விரிச்சுக் காட்டினாப் போரும். கம்பெனிக்கு பெர்மிட்டு நீட்டுறதுக்கு இருவத்திரெண்டு ஆகஸ்டுல விசாரண வச்சாவ. பஞ்சாயத்து ஹாலு. கனகதாஸ் அண்ணன் மருமவனுக்க வெள்ளச் சட்ட போட்டுட்டு வந்தாரு, கை நீளமா இருந்துது. சஜி எங்க ரெண்டு பேரையும் ஆட்டோல கொண்டு போனான். நோட்டு எனக்க மடியில.

ஹாலுக்குள்ள போனா, முன்னால ரெண்டு மேச. ஒரு பக்கம் ஆபீசருமாரு. மத்தப் பக்கம் கம்பெனிக்காரங்க. அவங்களுக்க நடுவுல ஜெயச்சந்திரன் சாரு. நான் மொதல்ல, எடம் மாறி இருந்துட்டாவ போலண்ணு நெனச்சேன். கைகூடக் காட்டினேன். அவிய கண்ணாடியக் கழத்தித் தொடச்சாவ.

பின்னதான் தெரிஞ்சுது, ஆறு மாசமா அவிய கம்பெனிக்கு ஆலோசன சொல்லுற ஆளாக்கும். அவியளுக்க ஆபீசுக்குக் கம்பெனி கடலுல ஓட்டுற புது போட்டு ஒண்ணு வாங்கிக் குடுத்திருந்துது, கடல் ஆராய்ச்சிக்குண்ணு.

அவிய எழும்பி நிண்ணு பேசினாவ. நல்ல அழகா பேசுவாவ, நான் சொல்லணுமா. ஊர் மக்கள் சேர்ந்து செய்த முயற்சி பாராட்டத்தக்கது. ஆனா பதினேழு, பதினெட்டு, பத்தொம்பது, இந்த மூணு வருஷத்துக் கணக்க நான் எடுத்துக்கிட ஒக்காது. சில மாசம் எண்ணாமலே எழுதியிருக்குண்ணு குழுவுல உள்ள ஒருத்தரே எங்கிட்ட சொன்னாங்க. சில மாசம் அப்பிடிண்ணா மீதி மாசத்த எப்பிடி நம்புறது? அவ்வளவுதான் மக்கா. மூணு வருஷம் போச்சு. மிச்சம் உள்ளது கொரோணா வருஷத்துல நாலு மாசம். பைப்புக்கு முன்னால உள்ள சிப்பியே இல்லண்ணு ஆயாச்சு. முன்னால இல்லாதது பின்ன எப்பிடிச் சாவும்?

ஆபீசர் அம்மா எங்களப் பாத்து, இது நேருதானா, உண்மைதானாண்ணு கேட்டாவ. நான் எழும்பினேன். நேருதான், மூணு மாசம் நான் எண்ணாம எழுதினேன், வீட்டுக்காரரு ஆஸ்பத்திரில கெடந்தாரு, மத்த முப்பத்திமூணு மாசமும் ஒண்ணு ஒண்ணா எண்ணினதாக்கும்ணு சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்ன கம்பெனி வக்கீலு, கேட்டீங்களா, அவங்களே ஒத்துக்கிட்டாங்கண்ணு சொல்லியாச்சு. மறைச்சு வச்சு, இன்னொருத்தரு சொன்ன பொறவு ஒத்துக்கிடுறாங்கண்ணு. அத எழுதிக்கிட்டாவ. பெர்மிட்டு நீட்டிக் குடுத்தாச்சு.

கனகதாஸ் அண்ணன் எங்கிட்ட கோவப்படல்ல. அதுதான் எனக்கு இப்பமும் தாங்காது. வெளிய வந்து, மாப்பிள சாவக் கெடக்கும்போ ஆரு சிப்பி எண்ணுவா, நானாயிருந்தாலும் அதத்தான் செய்திருப்பேன்ணு சொன்னாரு. பின்ன அவரு சஜியப் பாத்து திரும்பினாரு. கம்பெனில வேல செய்யுற வடக்கத்திப் பையமாரு ஸ்டேஷன்ல எறங்குவாவல்லா, அவங்களக் கம்பெனிக்குக் கொண்டு விடுற டிரிப்பு அந்த ஒரு வருஷமா சஜிக்குத்தான். அது ஊருக்கே தெரியும். மூணு பேருல ஒருத்தரு சொன்னதுண்ணா ஆரு? அண்ணனுக்குத் தெரியாத விஷயம். நான் எனக்கெதிரா சொல்லுவேனா? மிச்சம் உள்ளது அவன்தானே. எலே சஜி, இனி ஒனக்க வண்டிச் சத்தம் கடப்பொறத்துல கேக்கப்பிடாதுண்ணு சொன்னாரு. பைய சொன்னாரு. கத்தல்ல.

சஜி சாவிய வெரல்ல சுத்தீட்டு நிண்ணான். கொஞ்சம் கழிஞ்சு, ஏறுங்க, வீட்டுல விடுறேன்ணு சொன்னான். அண்ணன் ஏறல்ல. பஸ்ஸுக்கு நடந்தாரு. நானும் அண்ணனுக்க பின்னால நடந்தேன்.

பொழியூர்ல ஆரும் பின்ன அவனுக்க வண்டில ஏறல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைளுக்க ஓட்டம் போச்சு. ஸ்டாண்டுல உள்ளவனுவகூட கம்பெனிக்காரன்ணு விளிக்கத் தொடங்கினானுவ. அவனுக்க பெண்டாட்டி வீடு பொழியூருல்லா, அவ தாய் வீட்டுக்கே போவாம ஆனா. ஆறு மாசத்துல வண்டிய வித்தான். இப்பம் களியக்காவிளைல ஒரு டைல்ஸ் கடைல நிக்கான். இஞ்ச இருந்து பஸ்ஸுல பத்து நிமிஷம்.

கண்டேன். கண்டிருக்கேன் மக்கா. போன வருஷம் ஓணம் கழிஞ்சு போனேன். பாத்ரூமுக்கு டைல்ஸ் பாக்குற மாதிரி. என்ன கண்டதும் எழும்பி, வாங்க லிஜாக்காண்ணு சொன்னான். வழுக்காத டைல்ஸ் வேணும்லா, வீட்டுல அண்ணனுக்குண்ணு அவனே சொல்லி, ஒண்ணு ஒண்ணா எடுத்து வெளிச்சத்துல வச்சுக் காட்டினான். வெள்ளம் ஊத்தி கையால தேச்சுக் காட்டினான். அண்ணன் இப்பம் கம்பில்லாம நடக்காராண்ணு கேட்டான். நடக்காருண்ணு சொன்னேன். முக்கா மணிக்கூறு நிண்ணேன். அவனும் அந்தப் பேச்ச எடுக்கல்ல, நானும் எடுக்கல்ல. நாலு பெட்டி எடுத்துட்டு வந்தேன். இன்னும் ஒட்டல்ல, வீட்டுல கட்டிலுக்குக் கீழ கெடக்கு. எனக்க வீட்டுக்காரரு கேக்காரு, எப்பம் ஒட்டுவண்ணு.

சாரு கூடவா? ஒருக்கா பேசினேன். அது பின்ன சொல்லுறேன். நான் ஒண்ணு கேக்கேன் மக்கா, நீயும் அந்தப் படிப்புத்தானே படிச்சிருக்க. ஒரு மனுஷி மூணு மாசம் தப்பா எழுதினா, அந்த மூண வெட்டீட்டு மத்தத எடுக்கது தானே மொற? அப்பிடித்தானே நீங்க செய்வீங்க? ஆமா, நீ சொல்லுதல்லா. அவியளுக்கும் அது தெரியும். எனக்குச் சொல்லித் தந்ததே அவியதான். சந்தேகம் உண்டுண்ணா மறைக்காதீங்க, கோடு போட்டு எழுதி வையுங்க, அப்பம்தான் மத்தது நிக்கும்ணு. இந்தத் தரையில இருந்து சொன்னாவ.

இனி விசாரணைக்குக் குடுக்க நீ கொண்டு வந்த ஃபாரத்தக் காட்டு. அடுத்த பெர்மிட்டுக்கு முன்ன அந்த முப்பத்திமூணு மாசத்தத் திரும்பச் சேக்க ஒக்கும்ணு நெசமாவே சொல்லுறியா? ம். நோட்டுக்க ஒரிஜினல் வேணும். வேணும்தான். எத்தன மாசம் தப்பு, மூணு. எதுனால, எழுதிக்கோ, ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரிச் சீட்டும் இருக்கு, தாறேன். இது என்ன, தப்பு எப்பிடி வெளிய தெரிஞ்சுதுண்ணா?

அது எதுக்குக் கேக்காவ?

ஓ. எழுதினவளே சொல்லியிருந்தா மத்தக் கணக்க நம்பலாம். மறைச்சு வச்சு மத்தவங்க கண்டுபிடிச்சா நம்ப ஒக்காது. அப்பிடியா. அது சரிதான். நான் ஜட்ஜா இருந்தாலும் அதத்தான் கேப்பேன்.

கொஞ்சம் வெள்ளம் குடிச்சுக்கிடுறேன்.

எழுது மக்கா. லிஜா தானா சொன்னா. இருவத்திரெண்டு பிப்ரவரில, ஃபோன்ல, ஜெயச்சந்திரன் சாரிட்ட. அவிய ஒரு கட்டுர எழுதுகாவ, அதுல எங்க மூணு பேருக்க பேரும் அச்சுல வரும்ணு விளிச்சு சொன்னாவ. எனக்க பேரு போட்ட கட்டுரைல கள்ளம் கெடக்கப்பிடாதுல்லா. மறுநாளு காலம்பற விளிச்சு, சாரே அந்த மூணு மாசத்த எடுத்துருங்கண்ணு சொன்னேன். ஸாரமில்ல, பரவால்ல லிஜே, இது ஒங்களுக்க நேர்மையாக்கும், நான் கோடு போட்டுக்கிடுறேன், ஆருக்கும் தெரியாண்டாம்ணு சொன்னாவ. எனக்கு நெஞ்சுல இருந்து ஒரு பாரம் எறங்கின மாதிரி. அன்னைக்குத்தான் நானும் செவப்புப் பேனா எடுத்துக் கோடு போட்டேன்.

ஆமா. நான்தான். சஜி இல்ல.

ஹால்ல வச்சு அவிய ஒருத்தரே சொன்னாங்கண்ணு சொல்லும்போ நான் எழும்பி நிக்கத்தானே செய்தேன்? அந்த நேரத்துல நான்தான் சொன்னேன்ணும் சேத்துச் சொல்லியிருக்கலாம். நாலு வாக்கு. பொழியூர் ஆளுவ மொத்தமும் பின்னால இருக்காவ. நான் வாயத் தொறந்ததுனாலதான் தோத்துப் போனோம்ணு அவியளுக்குத் தெரிஞ்சுரும். பின்ன வெளிய வந்து, அண்ணன் சஜியப் பாத்துத் திரும்பினப்பம் சொல்லியிருக்கலாம். மறுநாளு சொல்லலாம்ணு நெனச்சேன். அப்பிடி மூணு வருஷம். விசாரண கழிஞ்சு ஒரு வாரத்துல சாருக்கு விளிச்சேன். நம்பித்தானே சொன்னேன், இப்பிடிச் செய்யலாமாண்ணு கேட்டேன். அவிய என்ன சொன்னாவண்ணு கேளு. உங்க பேர நான் சொல்லல்லையே லிஜா, நான் ஒங்களக் காப்பாத்தத்தானே செய்தேன்.

வச்சுட்டாவ. நானும் வச்சுட்டேன். நேருதானே அது.

சஜிக்கா? அவனுக்கு அன்னைக்கே தெரியும் மக்கா. விஷயம் தெரிஞ்சது ரெண்டு பேருக்கு, சொன்னது அவன் இல்லண்ணு அவனுக்குத் தெரியும்லா. பின்ன ஆருண்ணு அவனுக்குத் தெரியாம இருக்குமா? டைல்ஸு காட்டும்போதும் தெரியும். கனகதாஸ் அண்ணனுக்குத்தான் தெரியாது.

நீ இனி நேரா பொழியூருக்கு அண்ணனப் பாக்கத்தானே போற? வேண்டாம், நீ சொல்லாண்டாம். நோட்டப் பையில வை. ஷட்டரத் தாத்தீட்டு நானும் வாறேன்.